நிரந்தரமாகக் குடியிருக்க ஒரு ஃபிஃப்த்வீல் டிரெய்லர்: எதைப் பார்த்து வாங்குவது?

டாலஸ் அருகே உள்ள வீட்டை விற்றுவிட்டு, பணி ஓய்வுக்குப் பிறகு குறைந்தது பத்து ஆண்டுகள் ஒரு ஃபிஃப்த்வீல் டிரெய்லரிலேயே (பிக்கப் டிரக்கின் பின்தொட்டியில் மாட்டி இழுக்கும் வீட்டு வண்டி) குடியிருக்க நீங்களும் உங்கள் துணைவியாரும் முடிவு செய்திருக்கிறீர்கள். எந்த நிறுவனத்தின் வண்டி நீடித்து உழைக்கும் என்பது உங்கள் கேள்வி. பார்த்து வைத்திருக்கும் இரண்டு வண்டிகளின் விவரங்களையும் அனுப்பியிருக்கிறீர்கள். ஒன்று புத்தம் புதியது: 42 அடி நீளம், ஐந்து ஸ்லைடுகள் (நிறுத்தியதும் சுவரிலிருந்து வெளியே தள்ளி அறையை அகலமாக்கும் பகுதிகள்), மொத்த எடை வரம்பு 16,800 பவுண்டு, வெற்று எடை 14,300 பவுண்டு, தலா 7,000 பவுண்டு தாங்கும் இரண்டு ஆக்ஸில்கள் (சக்கர அச்சுகள்). மற்றது ஆறு ஆண்டு பழையது: 36 அடி, மூன்று ஸ்லைடுகள், அதே 16,800 பவுண்டு வரம்பு, வெற்று எடை 13,000 பவுண்டு, தலா 8,000 பவுண்டு தாங்கும் இரண்டு ஆக்ஸில்கள்.

நானும் என் மனைவியும் 2016 முதல் 2023 வரை ஏழு ஆண்டுகள் இப்படித்தான் வாழ்ந்தோம். அதில் முதல் வண்டி மூன்றே ஆண்டுகளில் எங்கள் கையை விட்டுப் போயிற்று. இரண்டாவது கடைசி வரை நன்றாக உழைத்தது. இரண்டுக்கும் இடையே இருந்த வேறுபாட்டை நான் பணம் கொடுத்துக் கற்றுக்கொண்டவன் என்பதால், உங்கள் கேள்வியைச் சற்றே மாற்றிக்கொண்டு பதில் சொல்கிறேன். எந்த நிறுவனம் என்று கேட்பதற்கு முன்னால் இரண்டு கேள்விகளுக்கு விடை தேட வேண்டும். ஏற்றப்போகும் எடைக்கும் வண்டி தாங்கக்கூடிய எடைக்கும் நடுவில் எவ்வளவு மிச்சம் இருக்கிறது? மழைத் தண்ணீர் உள்ளே வர எத்தனை வழிகள் இருக்கின்றன? நான் பார்த்த வரையில், குடியிருக்கும் டிரெய்லர்கள் வீணாகிப் போவது பெரும்பாலும் இந்த இரண்டினால்தான்.

நிறுவனப் பெயரை இரண்டாம் இடத்துக்குத் தள்ளுவதற்குக் காரணம் உண்டு. அமெரிக்காவில் விற்கும் டிரெய்லர்களில் மிகப் பெரும் பகுதி இந்தியானா மாநிலத்தின் எல்கார்ட் வட்டாரத்தில்தான் உருவாகிறது. கீஸ்டோன், ஜேகோ, ஹார்ட்லேண்ட் ஆகியவை தோர் குழுமத்துக்குச் சொந்தம்; ஃபாரஸ்ட் ரிவர் 2005 முதல் பெர்க்‌ஷயர் ஹாத்வேயின் கையில் இருக்கிறது; கிராண்ட் டிசைனை 2016-இல் வின்னபேகோ வாங்கியது. பெயர்கள் பலவாக இருந்தாலும் அடியில் இருக்கும் இரும்புச் சட்டகம் பெரும்பாலும் லிப்பர்ட் என்ற ஒரே நிறுவனத்திலிருந்து வருகிறது. ஆக்ஸில்கள் லிப்பர்ட் அல்லது டெக்ஸ்டரிடமிருந்து வருகின்றன. பல ஆலைகளில் எண்ணிக்கைக்குக் கூலி என்பதுதான் முறை. விடியற்காலையில் தொடங்கி அன்றைக்கான வண்டிகளை முடித்தால் வீட்டுக்குப் போகலாம். ஆகவே ஒரே மாடலில் அடுத்தடுத்து வெளிவந்த இரண்டு வண்டிகளில்கூட ஒன்றில் சீலன்ட் (தண்ணீர் புகாமல் இடுக்குகளை அடைக்கும் பசை) ஒழுங்காகப் பூசப்பட்டிருக்கும், மற்றொன்றில் விட்டுப்போயிருக்கும். நீங்கள் வாங்கப்போவது குறிப்பிட்ட அந்த ஒரு வண்டியைத்தான். ஆராய வேண்டியதும் அதைத்தான்.

முதலில் எடையைப் பார்ப்போம், ஏனெனில் இதைக் காகிதத்திலேயே கணக்குப் போட்டுவிடலாம். ஃபிஃப்த்வீல் டிரெய்லரின் முன்பகுதி பிக்கப் டிரக்கின் பின்தொட்டியில், பின் ஆக்ஸிலுக்கு மேலே உள்ள ஹிட்ச் என்ற இணைப்பில், கிங்பின் என்ற இரும்பு முளை மூலமாக அமர்கிறது. குதிரை வண்டிகளின் முன் அச்சுக்கு மேல் படுக்கை வசமாக இருந்து வண்டியைத் திருப்ப உதவிய வளையத்திலிருந்துதான் ‘ஐந்தாவது சக்கரம்’ என்ற பெயரே வந்தது. டிரெய்லரின் மொத்த எடையில் ஏறத்தாழ 20 முதல் 25 விழுக்காடு அந்தக் கிங்பின் வழியாக டிரக்கின் மேல் இறங்கும்; மீதியை டிரெய்லரின் ஆக்ஸில்கள் சுமக்கும். பல நிறுவனங்கள் ஆக்ஸில்களின் தாங்குதிறனோடு கிங்பின்னில் இறங்கும் எடையையும் கூட்டி, அந்தத் தொகையையே மொத்த எடை வரம்பாக எழுதுகின்றன. சட்டப்படி அதில் தவறு இல்லை. ஆனால் அந்த வரம்பு வரை ஏற்றினால் ஆக்ஸிலுக்கு மூச்சுவிட இடம் இருக்காது.

உங்கள் புதிய வண்டியையே எடுத்துக்கொள்வோம். முழு எடையில் 20 விழுக்காடு டிரக்கில் இறங்கினால் மிச்சம் 13,440 பவுண்டு ஆக்ஸில்களின் மேல் நிற்கும். இரண்டு ஆக்ஸில்களும் சேர்ந்து தாங்குவது 14,000 பவுண்டு. இடைவெளி வெறும் 560 பவுண்டு. பழைய வண்டியில் அதே கணக்கைப் போட்டால் இடைவெளி 2,560 பவுண்டு. ஒவ்வொரு பாலத்தின் இணைப்பிலும், சாலையின் ஒவ்வொரு பள்ளத்திலும் வண்டி எழும்பி விழும்போது அச்சின் மேல் இறங்குவது நின்ற நிலையில் உள்ள எடையைவிட அதிகம் என்பதை நினைத்தால், இந்த இடைவெளி எதற்கு வேண்டும் என்பது விளங்கும்.

அடுத்தது, நீங்கள் ஏற்றக்கூடிய சாமான்களின் எடை. வண்டியில் ஒட்டியிருக்கும் மஞ்சள் சீட்டில் அது தெளிவாக எழுதியிருக்கும். உங்கள் புதிய வண்டியில் அது 2,500 பவுண்டு. ஒரு காலன் தண்ணீர் 8.34 பவுண்டு, 80 காலன் தொட்டியை நிரப்பினால் 667 பவுண்டு அதிலேயே போய்விடும். மிஞ்சும் 1,833 பவுண்டுக்குள் வார இறுதிப் பயணம் போகிறவர் சமாளித்துவிடலாம். ஒரு குடும்பத்தின் முழு வாழ்க்கையும் அதற்குள் அடங்குவது கடினம். துணிமணி, குளிர்காலப் போர்வைகள், மருந்துகள், கருவிப்பெட்டி, கோப்புகள், துணி துவைக்கும் இயந்திரம், அரிசி மூட்டை என்று சேர்ந்துகொண்டே போகும். எங்கள் வெட் கிரைண்டர் மட்டும் 25 பவுண்டு இருந்தது. மூன்றாம் ஆண்டில் நாங்கள் எடை போட்டபோது, தண்ணீர் இல்லாமலேயே எங்கள் உடைமைகள் 3,100 பவுண்டைத் தொட்டிருந்தன; நாங்கள் சிக்கனமாக வாழ்கிறோம் என்றே அதுவரை நம்பியிருந்தோம். நிரந்தரமாகக் குடியிருக்க 3,000 பவுண்டுக்குக் குறைவான சுமைத்திறன் உள்ள வண்டியை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். பெரிய வண்டிதான் அதிகம் சுமக்கும் என்று நினைப்பது இயல்பு. உண்மையில் நீளமும் ஸ்லைடுகளும் கூடக்கூட வெற்று எடை கூடி, உங்கள் பங்கு குறைகிறது.

முழுச் சுமையுடன் எடை போட, நெடுஞ்சாலை டிரக் நிறுத்தங்களில் உள்ள ‘கேட்’ (CAT) நிறுவன எடைமேடைகள் போதும். அதைவிடத் துல்லியமாக ஒவ்வொரு சக்கரத்தையும் தனித்தனியே எடை போட விரும்பினால், டெக்சஸின் லிவிங்ஸ்டனில் உள்ள எஸ்கேபீஸ் என்ற டிரெய்லர்வாசிகள் சங்கத்தின் எடைச் சேவையைப் பயன்படுத்துங்கள். சமையலறை ஸ்லைடு இருக்கும் பக்கம் மறுபக்கத்தைவிடக் கனமாக இருப்பது வழக்கம். ஆக்ஸிலின் மொத்த எடை சரியாகத் தெரிந்தாலும் ஒரு பக்க டயர் அளவுக்கு மேல் சுமந்துகொண்டிருக்கலாம். அதைத் தனிச் சக்கர எடை ஒன்றுதான் காட்டிக்கொடுக்கும்.

டயரை எத்தனை ஆழமாக ஆராய்ந்தாலும் தகும். இந்த அளவு வண்டிகளில் பரவலாக உள்ள 16 அங்குலச் சக்கரத்தில், ‘ஈ’ தர டிரெய்லர் டயர் 80 பி.எஸ்.ஐ. காற்றழுத்தத்தில் 3,520 பவுண்டு தாங்கும். நான்கும் சேர்ந்து 14,080. ‘ஜி’ தர டயர் 110 பி.எஸ்.ஐ. அழுத்தத்தில் 4,400 பவுண்டு தாங்கும். நான்கும் சேர்ந்து 17,600. இந்த வித்தியாசத்துக்காகக் கூடுதலாகக் கொடுக்கும் பணம் மிகக் குறைவு. டயர் வெடித்தால் ஆகும் செலவோ மிகப் பெரிது. வெடித்த டயரின் நார்கள் சக்கரக் கூட்டுக்குள் சாட்டைபோலச் சுழன்று, மேலே ஓடும் வயர்களையும் எரிவாயுக் குழாயையும் அறுத்துக்கொண்டு தரையையே கிழித்துவிடும். பக்கவாட்டில் டி.ஓ.டி. என்று தொடங்கும் வரிசையின் கடைசி நான்கு இலக்கங்கள் தயாரிப்பு நாளைக் காட்டும். 2322 என்றால் 2022-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். பள்ளம் எவ்வளவு மிச்சமிருந்தாலும், ஐந்து அல்லது ஆறு ஆண்டுகள் கடந்த டிரெய்லர் டயரில் நான் பயணம் போக மாட்டேன். விற்பனைக்கு நிற்கும் பழைய வண்டியில் டயர்கள் பளபளப்பாகத் தெரிந்தாலும் இந்த எண்ணைக் குனிந்து படியுங்கள்.

சஸ்பென்ஷன் பற்றி என் சொந்த அனுபவம் ஒன்றைச் சொல்ல வேண்டும். முதல் வண்டியை இழுத்துக்கொண்டு மேற்கு டெக்சஸில் எல் பாசோவை நோக்கி 10-ஆம் எண் நெடுஞ்சாலையில் போய்க்கொண்டிருந்தபோது, வழியில் நிறுத்தி வழக்கம்போல் ஒவ்வொரு சக்கரத்தையும் தொட்டுப் பார்த்தேன். மூன்று டயர்கள் இளஞ்சூடாக இருந்தன. நான்காவதில் கையை வைக்க முடியவில்லை. அடியில் பாயை விரித்துப் படுத்து டார்ச் அடித்துப் பார்த்ததில், பட்டை ஸ்பிரிங்கைச் சட்டகத்தோடு பிணைக்கும் போல்ட் தன் துளையை அரித்து முட்டை வடிவமாக்கியிருந்தது. போல்ட்டுக்கும் இரும்புக்கும் நடுவே இருக்க வேண்டிய நைலான் புஷ், நகத்துண்டு அளவுக்குத் தேய்ந்து ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. அதனால் ஆக்ஸில் அரை அங்குலம் பின்வாங்கி, அந்தச் சக்கரம் சாலையில் நேராக உருளாமல் தேய்ந்துகொண்டே வந்திருக்கிறது. வண்டிக்கு அப்போது இரண்டரை வயதுதான்.

அந்த நைலான் புஷ் ஒரு சிறு பொருள். அதற்குப் பதிலாக வெண்கல புஷ்களும், கிரீஸ் ஏற்றும் வசதியுள்ள போல்ட்டுகளும் போட்டால் பல ஆண்டுகள் உழைக்கும். மோர்ரைடு போன்ற நிறுவனங்களின் ரப்பர் சஸ்பென்ஷன் அதைவிட ஒரு படி மேல். ஒவ்வொரு சக்கரமும் தனியே அசைவதால் அதிர்ச்சி வீட்டுக்குள் போவது வெகுவாகக் குறைகிறது. அலமாரிகளின் திருகுகள் கழல்வதும், குழாய் இணைப்புகள் தளர்வதும், மூலைகளில் விரிசல் விடுவதும் எல்லாம் கீழேயிருந்து ஏறும் அதிர்வின் விளைவுகள்தாம். அதனால்தான் நல்ல சஸ்பென்ஷனை நான் வீட்டின் ஆயுளோடு சேர்த்தே எண்ணுகிறேன். பிரேக்கைப் பொறுத்தவரை, 16,000 பவுண்டு வண்டிக்கு ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக் இருந்தால் மலைச்சரிவுகளில் மனம் அமைதியாக இருக்கும். சக்கர பேரிங்குகளை ஆண்டுக்கு ஒரு முறையோ 12,000 மைலுக்கு ஒரு முறையோ கழற்றி கிரீஸ் போட வேண்டும்; பழைய வண்டியை விற்பவரிடம் அதற்கான ரசீதுகளைக் கேளுங்கள்.

சட்டகத்தைச் சோதிக்க எளிய வழி ஒன்று உண்டு. முன் ஜாக்குகளால் வண்டியின் முன்பகுதியை மெதுவாக ஏற்றி இறக்கச் சொல்லிவிட்டு, டிரக்கின் மேல் நீட்டிக்கொண்டிருக்கும் மேல்தளமும் கீழ்ச்சுவரும் சேரும் வளைவுக்கு அருகே நின்று பாருங்கள். சுவருக்கும் இரும்புக்கும் இடையே இடைவெளி திறந்து மூடினாலோ, அந்த மூலையில் ஃபைபர் கிளாஸ் மேல்பூச்சில் மயிரிழை விரிசல் தெரிந்தாலோ, சட்டகம் வளைந்து கொடுக்கிறது என்று பொருள். அந்த வண்டியை விட்டுவிடுங்கள். விலையைக் குறைத்தாலும் வேண்டாம்.

டிரக் இந்தக் கணக்கிலிருந்து பிரிக்க முடியாதது. 16,800 பவுண்டு வண்டியின் கிங்பின் எடை 3,360 முதல் 4,200 பவுண்டு வரை இருக்கும். அதனுடன் ஹிட்சும் நீங்கள் இருவரும் டிரக்கில் வைக்கும் கருவிகளும் சேர்ந்தால் ஐயாயிரத்தை நெருங்கும். ஓட்டுநர் கதவின் உட்பக்கச் சீட்டில் எழுதியிருக்கும் பேலோட் (டிரக் தன் மேல் சுமக்கக்கூடிய எடை) எண் அதைத் தாண்ட வேண்டும். எஃப்-350, ராம் 3500, செவ்ரலே 3500 ஆகியவற்றில் பின்னால் இரட்டைச் சக்கரம் உள்ள வகைதான் நடைமுறையில் இதற்குச் சரிப்படும். விளம்பரத்தில் சொல்லும் இழுவைத் திறனைப் பார்த்து ஏமாறாதீர்கள். ஃபிஃப்த்வீலில் முதலில் தீர்ந்துபோவது பேலோட்தான். டெக்சஸில் டிரக்கும் டிரெய்லரும் சேர்ந்த எடை வரம்பு 26,000 பவுண்டைத் தாண்டி, டிரெய்லரின் வரம்பு மட்டும் 10,000-க்கு மேல் இருந்தால், வணிக நோக்கமற்ற ‘ஏ’ வகை ஓட்டுநர் உரிமம் வேண்டும். நீங்கள் பார்த்த இரண்டு வண்டிகளுக்கும் அது பொருந்தும்.

இனி தண்ணீர். எங்கள் முதல் வண்டியின் கதையை இங்கேதான் முழுமையாகச் சொல்ல வேண்டும். மூன்றாம் ஆண்டுக் குளிர்காலத்தில் படுக்கையறையில் ஈரமண் போன்ற ஒரு வாசனை வந்தது. எங்கேயும் சொட்டவில்லை, கறையும் இல்லை. கட்டிலின் தலைமாட்டுச் சுவரை ஒருநாள் கட்டைவிரலால் அழுத்தினேன். விரல் உள்ளே போயிற்று. சுவர்த்தாளுக்குப் பின்னால் இருந்த பிளைவுட் ஊறிய பிஸ்கட் மாதிரி உதிர்ந்தது. அதற்குப் பின்னால் கறுப்பாகப் பூஞ்சணம் படர்ந்திருந்தது. வண்டியின் முன்நெற்றியில் வரிசையாக இருக்கும் சிறிய எல்லை விளக்குகளில் ஒன்றைச் சுற்றிய சீலன்ட் வெயிலில் காய்ந்து வெடித்திருந்தது. பென்சில் முனைகூட நுழையாத அந்தப் பிளவு வழியாக ஒவ்வொரு மழையிலும் சில துளிகள் இறங்கி, இரண்டு ஆண்டுகளாகச் சுவருக்குள்ளேயே தங்கியிருக்கின்றன. பழுதுபார்க்கக் கேட்ட தொகை வண்டியின் அன்றைய மதிப்பில் பாதிக்கும் மேல். கூரையை நான் ஒழுங்காகப் பார்த்துக்கொண்டிருந்தேன். முன்நெற்றியைப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை.

ஆகவே, பழையதோ புதியதோ, ஏணியை எடுத்துக்கொண்டு மேலே ஏறுங்கள். கூரையின் மேல் விரிப்பு ஈ.பி.டி.எம். ரப்பராகவோ, டி.பி.ஓ.வாகவோ, பி.வி.சி.யாகவோ இருக்கும். இவற்றில் பி.வி.சி.தான் எனக்குப் பிடித்தது. ரப்பர் கூரை காலப்போக்கில் மாவு உதிர்ந்து பக்கச்சுவரில் வெள்ளைக் கோடுகளாக வழியும். ஆனால் கூரை ஒழுகுவது அநேகமாக விரிப்பின் நடுவில் அல்ல. காற்றுக் குழல், ஏ.சி., ஆண்டெனா, ஓரப் பட்டை என்று துளை போட்ட இடங்களில்தான். அங்கெல்லாம் தடவியிருக்கும் சீலன்டை மூன்று மாதத்துக்கு ஒரு முறை பார்க்கும்படி உரிமையாளர் கையேடுகளே சொல்கின்றன. டெக்சஸ் வெயிலில் அதை மிகையான எச்சரிக்கை என்று ஒதுக்க முடியாது.

சுவர்களைப் பார்க்கப் பொருத்தமான நேரம் மாலை. வெயில் சாய்வாக விழும்போது வண்டியின் ஒரு முனையில் நின்று சுவரின் நெடுகப் பாருங்கள். ஃபைபர் கிளாஸ் உரிந்து உப்பியிருந்தால் அந்த ஒளியில் அலைபோலத் தெரியும். அது உள்ளே தண்ணீர் புகுந்ததன் அடையாளம். நிரந்தரமாகச் சரிசெய்வது மிகக் கடினம். ஃபைபர் கிளாஸுக்குப் பின்னால் மெல்லிய பிளைவுட் வைப்பதே பழைய முறை. இப்போது பல நிறுவனங்கள் அஸ்டெல் என்ற மரமில்லாத பலகையை வைக்கின்றன. அது ஊறாது, அழுகாது. இருந்தாலும் அஸ்டெல் சுவர் உள்ள வண்டியில் தரை பெரும்பாலும் மரமாகவே இருக்கிறது என்பதால், அந்தப் பெயரைக் கேட்டதும் கவலையை விட்டுவிடக் கூடாது. நாற்பது டாலருக்குள் கிடைக்கும் ஈரமானி ஒன்றை வாங்கிக்கொண்டு, ஸ்லைடுகளின் நான்கு மூலைகள், ஜன்னல்களின் அடிப்பகுதி, படுக்கையறையின் முன்சுவர், குளியலறைத் தரை ஆகியவற்றில் வைத்துப் பாருங்கள். 20 விழுக்காட்டுக்கு மேல் காட்டினால் அங்கே தண்ணீர் இருக்கிறது.

ஸ்லைடு ஒவ்வொன்றும் சுவரில் வெட்டிய ஒரு பெரிய திறப்பு. ரப்பர் விளிம்புகள்தாம் மழைக்கும் உங்களுக்கும் நடுவே நிற்கின்றன. ஐந்து ஸ்லைடு என்றால் அந்த வரவேற்பறை அழகாக இருக்கும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பத்து ஆண்டுகள் என்று கேட்டால் மூன்றோடு நிறுத்துங்கள் என்பேன். இயக்கும் முறையையும் கேளுங்கள். சமையலறை, சோபா போன்ற கனமான ஸ்லைடுகளுக்குச் சட்டகத்தில் பொருத்திய ஹைட்ராலிக் அல்லது பல்சக்கர முறை நல்லது. சுவருக்குள் இருபுறமும் சிறு மோட்டார் வைத்து ஓடும் வகை, படுக்கையறை போன்ற இலேசான, ஆழம் குறைந்த ஸ்லைடுகளுக்குப் போதும்; கனத்துக்கு அதை நான் நம்புவதில்லை.

வெளியிலிருந்து வரும் தண்ணீரைப் பற்றியே எல்லோரும் பேசுவார்கள். குடியிருப்பவர்களுக்கு உள்ளே உருவாகும் ஈரமும் அதே அளவு ஆபத்து. நம் சமையலில் ஆவி அதிகம். குளிர்காலக் காலையில் ஒரு ஈடு இட்லி வேகும் நேரத்தில் எங்கள் ஒற்றைக் கண்ணாடி ஜன்னல்களில் தண்ணீர் வழிந்து, சட்டத்தின் அடியில் தேங்கி, மெத்தைக்குப் பின்னால் இறங்கியிருந்தது. புரொபேன் அடுப்பு எரியும்போதே நீராவியை வெளிவிடும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆகவே இரட்டைக் கண்ணாடி ஜன்னல் கட்டாயம். அடுப்புக்கு மேலுள்ள விசிறி காற்றை வெளியே தள்ளுகிறதா என்றும் பாருங்கள். பல வண்டிகளில் மைக்ரோவேவோடு சேர்ந்த விசிறி அதே காற்றை வடிகட்டித் திரும்ப அறைக்குள்ளேயே விடும். தாளித்த வாசனை மூன்று நாள் போர்வையில் இருக்கும் என்பதோடு ஈரமும் போகாது.

குளிரைப் பற்றி விற்பனைத் தாளில் எழுதியிருக்கும் வெப்பக்காப்பு எண்களை வைத்து இரண்டு வண்டிகளை ஒப்பிடாதீர்கள்; எல்லா நிறுவனங்களும் ஒரே முறையில் அளந்து சொல்லும் எண்கள் அல்ல அவை. வண்டியின் அடிவயிறு (தொட்டிகளும் குழாய்களும் இருக்கும் அடிப்பாகம்) மூடியிருக்கிறதா, புரொபேனில் எரியும் ஃபர்னஸின் வெப்பக்காற்றுக் குழாய் அங்கே இறங்குகிறதா என்று கேளுங்கள். 2021 பிப்ரவரியில் டாலஸில் பூச்சியத்துக்குக் கீழே 19 டிகிரி செல்சியஸ் வரை இறங்கிய அந்த வாரத்தில் நாங்கள் வேக்கோ அருகே ஒரு பூங்காவில் இருந்தோம். மின்சாரம் இருந்த நேரத்தில் புரொபேனை மிச்சப்படுத்த மின் ஹீட்டர்களை மட்டும் வைத்துக்கொண்ட பக்கத்து வண்டிக்காரருக்குப் படுக்கையறை கதகதப்பாக இருந்தது. அடியில் தொட்டியும் குழாய்களும் உறைந்து வெடித்தன. எங்கள் ஃபர்னஸ் ஓடியதால் அடிவயிற்றுக்கும் சூடு போயிற்று. மின்சாரம் நின்றபோது ஃபர்னஸின் விசிறியை 12 வோல்ட் பேட்டரிதான் ஓட்டியது. ஒற்றை பேட்டரியோடு வரும் புதிய வண்டியில் அது ஓர் இரவுக்குத் தாங்குவதே அரிது. மின் இணைப்பு 50 ஆம்பியராக இருக்க வேண்டும். 30 ஆம்பியர் இணைப்பில் கிடைப்பது 3,600 வாட். 50 ஆம்பியரில் 12,000 வாட். ஆகஸ்ட் மாதத்தில் இரண்டு ஏ.சி.யும் ஒன்றாக ஓட அது தேவை.

புதிய வண்டியின் ‘புதுவாசனை’ பற்றியும் எச்சரிக்கத் தோன்றுகிறது. 2005-இல் கத்ரீனா, ரீட்டா புயல்களில் வீடிழந்தவர்களுக்கு அமெரிக்க அரசு லட்சத்துக்கும் மேற்பட்ட டிரெய்லர்களைக் கொடுத்தது. சில நாள் விடுமுறைக்காகக் கட்டிய பெட்டிகளில் மக்கள் மாதக்கணக்கில் கதவைச் சாத்திக்கொண்டு வாழ நேர்ந்தது. கண் எரிச்சலும் மூச்சுத் திணறலும் பரவின. நோய்க்கட்டுப்பாட்டு மையம் 519 வண்டிகளில் சோதித்து 2008-இல் வெளியிட்ட முடிவில், காற்றில் ஃபார்மால்டிஹைடு சராசரியாக நூறு கோடியில் 77 பங்கு இருந்தது. மரத்துகள் பலகைகளை ஒட்டும் பசையிலிருந்து கசிவது அது. அதன் பிறகு 2010-இல் அத்தகைய பலகைகளுக்குக் கடுமையான வரம்புகள் சட்டமாயின. இன்றைய வண்டிகள் அந்நிலையில் இல்லை. என்றாலும் வெப்பத்திலும் ஈரத்திலும் அந்த வாயு அதிகம் வெளிவரும் என்பதால், புது வண்டி வாங்கினால் முதல் சில வாரங்கள் ஜன்னல்களைத் திறந்துவைத்துவிட்டுப் பிறகு குடிபோவது நல்லது. ஐந்தாறு ஆண்டு பழைய வண்டியில் அது பெரும்பாலும் வெளியேறி முடிந்திருக்கும்.

வாரண்டியைப் படிக்காமல் கையெழுத்து போடாதீர்கள் என்பது எல்லாப் பொருளுக்கும் சொல்வதுதான். இங்கே அதற்குத் தனிக் காரணம் உண்டு. சட்டத்தின் கண்ணில் ஃபிஃப்த்வீல் ஒரு பொழுதுபோக்கு வாகனம், வீடு அல்ல. பல நிறுவனங்களின் வாரண்டியில், நிரந்தரக் குடியிருப்பாகப் பயன்படுத்தினால் இது செல்லாது என்ற வரி இருக்கும். குடியிருப்பை ஏற்றுக்கொள்ளும் நிறுவனங்களும் உண்டு. விற்பவரின் வாய்ச்சொல் போதாது. அந்த வண்டியின் வாரண்டித் தாளில் அந்த வரியைக் காட்டச் சொல்லுங்கள். காப்பீட்டிலும் முழுநேரக் குடியிருப்போருக்கென்று தனிப் பாலிசி இருக்கிறது, அதையே எடுங்கள். வாரண்டி இருந்தாலும், பழுதுக்கு விட்ட வண்டி டீலரிடம் வாரக்கணக்கில் நிற்கும். அத்தனை நாளும் வீடும் அங்கேயே நிற்கும். ஆகவே இருக்கும் இடத்துக்கே வந்து சரிசெய்யும் டெக்னீஷியன் ஒருவரை முன்கூட்டியே தெரிந்துவைத்துக்கொள்வது, வாரண்டியை ஓர் ஆண்டு நீட்டிப்பதைவிடப் பயனுள்ளது.

இவ்வளவு சொன்ன பிறகு, கேட்ட கேள்விக்காகச் சில பெயர்கள். ஆரிகன் மாநிலத்தின் லா கிராண்டில் இயங்கும் நார்த்வுட் தன் ஆர்க்டிக் ஃபாக்ஸ் வண்டிகளுக்குச் சட்டகத்தைத் தானே செய்கிறது. அளவில் சிறியவை, ஆனால் குளிருக்கும் கரடுமுரடான சாலைக்கும் கட்டியவை. இந்தியானாவின் டி.ஆர்.வி. மொபைல் சூட்ஸ், கான்சாஸின் ஜங்ஷன் சிட்டியில் உருவான நியூ ஹொரைசன்ஸ், மிசூரியின் கன்கார்டியாவைச் சேர்ந்த ஸ்பேஸ்கிராஃப்ட் ஆகியவை குடியிருப்பவர்களை மனத்தில் வைத்துக் கட்டப்பட்டவை. புதிதாக விலை எட்டாது, நன்றாகப் பராமரித்த பழைய வண்டி கிடைத்தால் விட வேண்டாம். நடுத்தர வரிசையில் கிராண்ட் டிசைன் சாலிட்யூட், கீஸ்டோன் மான்டனா, 2019-இல் தொடங்கிய அலையன்ஸ், 2022-இல் தொடங்கிய பிரிங்க்லி ஆகியவற்றைப் பலரும் ஒப்பிடுகிறார்கள். நீங்களும் மேலே சொன்ன கணக்குகளோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். என் விருப்பம் எப்போதும் ஒன்றுதான்: அதே பணத்துக்கு நடுத்தர வண்டி புதிதாக வாங்குவதைவிட, ஒரு படி உயர்ந்த வண்டியை ஐந்தாறு ஆண்டு பழையதாக வாங்குவது. முதல் சில ஆண்டுகளில் விழும் பெரிய மதிப்பிழப்பை வேறொருவர் ஏற்றுக்கொண்டுவிட்டார். ஆலையில் விட்டுப்போன குறைகளும் அதற்குள் வெளிப்பட்டிருக்கும்.

ஆகவே உங்கள் இரண்டில் நான் இரண்டாவதைத் தேர்ந்தெடுப்பேன். 3,800 பவுண்டு சுமைத்திறன், 8,000 பவுண்டு ஆக்ஸில்கள், மூன்று ஸ்லைடுகள். காகிதத்தில் எல்லாம் சரியாக இருக்கிறது. மிச்சம் இருப்பது அந்த வண்டியின் உடல்நிலை மட்டும். இத்தகைய வண்டிகளின் ஆய்வாளர்களுக்கான சங்கமான என்.ஆர்.வி.ஐ.ஏ.வின் சான்று பெற்ற, விற்பவரோடு தொடர்பில்லாத ஆய்வாளர் ஒருவரை அமர்த்துங்கள். முழு ஆய்வுக்கு ஆயிரம் டாலருக்கு மேலும் ஆகலாம், தயங்க வேண்டாம். அவர் வருவதற்கு முன் நீங்கள் இருவரும் ஒரு முறை தனியாகப் போய், மூன்று ஸ்லைடுகளையும் வெளியே தள்ளி, ஒவ்வொரு மூலையிலும் ஈரமானியை வைத்துப் பாருங்கள். முடிந்தால் இரவெல்லாம் மழை பெய்த மறுநாள் காலையில் போங்கள். முந்தைய நாளே விற்பவருக்குச் சொல்லிவிட்டு, ஜன்னல்களை நீங்கள் வரும்வரை திறக்காமல் வைக்கச் சொல்லுங்கள். கதவைத் திறந்ததும் ஒரு நிமிடம் எதையும் தொடாமல் நின்று, படுக்கையறைப் பக்கமிருந்து என்ன வாசனை வருகிறது என்று பாருங்கள்.